அவனுக்கு டிக்கட் வேண்டாம் என்றார்கள்

எமது பாடசாலையின் 7ஆம் தர மாணவர்கள் அண்மையில் ஒரு நாள் சுற்றுலாவாகக் கொழும்புப் பக்கம் போய் வந்தார்கள். மொத்தம் 43 பேர். குருநாகல் மாவட்டத்தின் கிராமமொன்றிலிருந்து சுபஹ் தொழுகை முடிந்த கையோடு பஸ் புறப்பட்டது. பயணத் திட்டத்தில் வேறு இடங்களும் இருந்தன. ஆனால் பிள்ளைகள் மாதக் கணக்கில் உண்டியலில் காசு சேர்த்தது கேளிக்கைப் பூங்காவுக்காகத்தான்.

அந்த 43 பேரில் ஒருவன் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் மாணவன். வயது 12. பிறப்பிலேயே முள்ளந்தண்டில் இருந்த குறைபாட்டினால் அவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கைகள் இரண்டும் நல்ல வலு. எமது பாடசாலையில் கரம் விளையாட்டில் அவனை வெல்ல ஆளில்லை.

ஒரு விடயத்தை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். கடந்த வருடம் அவன் 6ஆம் தரத்தில் இருந்தபோதும் நாம் சுற்றுலா போனோம். அவன் வரவில்லை. அவனது உம்மா பாடசாலைக்கு வந்து, "அவன் வரல்ல சேர், உங்களுக்கும் கரைச்சல்" என்றார். நான் "பரவாயில்லை" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் மனதில் ஒரு நிம்மதி இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் உட்படுத்தல் கல்வி பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன் நான். அவனை ஏன் கூட்டிப் போகக் கூடாது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இம்முறை அவன் யாரிடமும் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியல் வகுப்பில் சுற்றி வந்தபோது, கடைசி வரியில் தன் பெயரைத் தானே எழுதிவிட்டான். 43ஆவது பெயர் அது.

கவுண்டரில் நடந்தது

பூங்காவின் பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. நாட்டில் இவ்வாறான வேறு இடங்களுக்குப் போயிருந்தாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

டிக்கட் கவுண்டரில் இருந்த சகோதரர் நாற்காலியைப் பார்த்தார். முகம் இளகியது. "அவருக்கு டிக்கட் வேண்டாம் சேர், சும்மா கூட்டிட்டுப் போங்க" என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு 42 டிக்கட்டுகளுக்குப் பணம் கட்டினேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு நிறப் பட்டியைக் கட்டினார்கள். அவன் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்:

"சேர், டிக்கட் இல்லாட்டி நான் எப்பிடிக் கேக்கிற, என்னயும் ஏத்துங்க எண்டு?"

நான் திரும்பிப் போய் 43ஆவது டிக்கட்டையும் வாங்கினேன். கவுண்டரில் இருந்தவருக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அப்போது பாதிதான் விளங்கியது. மாலை ஆகும்போதுதான் முழுமையாக விளங்கியது.

உள்ளே சிறுவர் ரயில் ஒன்று இருந்தது. மெதுவாக ஓடும் ரயில். எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் அதன் மேடைக்கு இரண்டு படிகள். அங்கிருந்த இளைஞர் இருவர் ஓடி வந்து, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அப்படியே தூக்கிப் பெட்டியில் இருத்தினார்கள். நல்ல மனதோடு செய்த காரியம். ஆனால் தூக்கும்போது சேர்ட் மேலே ஏறி வயிறு தெரிந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்தது மோதும் கார்கள். அவனது நண்பன் பெடலை மிதிப்பதென்றும் இவன் ஸ்டியரிங்கைப் பிடிப்பதென்றும் பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்தார்கள். அங்கிருந்த ஊழியர் மறுத்துவிட்டார். காரணம் கேட்டேன். "ஏதும் நடந்தா நாங்கதானே பதில் சொல்லணும்" என்றார். எழுத்தில் விதி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். பலகையில் உயரம், இதய நோய், கர்ப்பிணிகள் பற்றி எழுதியிருந்தது. சக்கர நாற்காலியில் வருபவர் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஆக, ரயிலில் ஏற்றியதும் கார்களில் மறுத்ததும் விதியினால் அல்ல. அந்தந்த இடத்தில் நின்றவரின் மனநிலை அது. ஒருவருக்கு இரக்கம் வந்தது, இன்னொருவருக்குப் பயம் வந்தது. இரண்டிலும் அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

ராட்டினத்துக்குப் பதினான்கு படிகள். நானும் இன்னொரு ஆசிரியரும் அவனைச் சுமந்து ஏறினோம். இறங்கும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. அவன், "போதும் சேர், இனித் தூக்க வேணாம். நான் கீழ இருந்து பாக்கிறன்" என்றான். பகல் சாப்பாட்டின்போது இன்னொன்றும் தெரிய வந்தது. அவன் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவே இல்லை. மலசலகூடத்தின் கதவு தன் நாற்காலிக்கு இடம் கொடுக்காது என்று போகும் முன்பே ஊகித்து வைத்திருக்கிறான். அவனது ஊகம் சரியாகவே இருந்தது.

சட்டம் இல்லாததல்ல பிரச்சினை

இதைப் படிக்கும் பலர், "எமது நாட்டில் இதற்கெல்லாம் சட்டம் எங்கே?" என்று நினைக்கக் கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆவது பிரிவு மிகத் தெளிவானது. பொதுமக்கள் செல்லும் எந்தக் கட்டடத்துக்கோ இடத்துக்கோ செல்வதில், அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது என்கிறது அது. கட்டணம் செலுத்திச் செல்லும் இடமானாலும் சரி, இலவசமாகச் செல்லும் இடமானாலும் சரி என்று சேர்த்தே சொல்கிறது. அதாவது கேளிக்கைப் பூங்கா தனியார் வியாபாரம் என்ற பதில் செல்லாது. உரிமை மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லவும் அச்சட்டம் வழி வைத்திருக்கிறது.

அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகு வசதி தொடர்பான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. சாய்வுப் பாதை, கதவின் அகலம், மலசலகூடம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. பழைய கட்டடங்களுக்குத் தொடக்கத்தில் 3 வருட அவகாசமே வழங்கப்பட்டிருந்தது. இன்று அந்த வர்த்தமானி வந்து ஏறத்தாழ இருபது வருடங்கள்.

விதிகள் ஏட்டில் உறங்கியபோது நீதிமன்றம் சென்றவர் கலாநிதி அஜித் சீ. எஸ். பெரேரா. 1992இல் அவர் சென்றுகொண்டிருந்த காரின் மேல் வீதியோர மரமொன்று விழுந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவர் 2009இல் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், புதிய பொதுக் கட்டடங்கள் இந்த ஒழுங்குவிதிகளைப் பின்பற்ற வேண்டும் என உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதற்குப் பின்னரும் அதே விடயத்துக்காக அவர் மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2020இல் அவர் காலமானார்.

2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை அங்கீகரித்தது. அதன் 30ஆவது உறுப்புரை விளையாட்டு, பொழுதுபோக்கு பற்றியது. ஏனைய பிள்ளைகளுக்குச் சமமாக இப்பிள்ளைகளும் விளையாட வழி செய்ய வேண்டும் என்று அரசுகளைக் கேட்கிறது.

எமது அரசியலமைப்பிலும் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. 12(3) உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களுக்காகக் கடைகள், உணவகங்கள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தமது மத வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் நுழைய எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு கடை வாசலிலோ பூங்கா வாசலிலோ இனத்தின் பெயரால் நிறுத்தப்படுவது எப்படி வலிக்கும் என்பது எமது சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காரணங்களின் பட்டியலில் அங்கவீனம் என்ற சொல் இல்லை. புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசும் எமது பிரதிநிதிகள், அந்தப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்க்கும்படி கேட்டால் என்ன?

தூக்குவது தீர்வாகுமா?

"ஊழியர்கள் தூக்கி உதவுகிறார்களே, அது போதாதா?" என்று சுற்றுலாவுக்குப் பின்னர் ஒரு நண்பர் கேட்டார். போதாது. இன்று அவனுக்கு 12 வயது. இன்னும் நான்கு வருடங்களில் அவனைத் தூக்க நான்கு பேர் வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த நாற்காலியில் இருந்தது 13 வயது மகளாக இருந்திருந்தால்? முன்பின் தெரியாத இளைஞர்கள் வந்து அவளைத் தூக்க அவளது வாப்பா சம்மதிப்பாரா? அவளேதான் சம்மதிப்பாளா? தூக்கி உதவுவதுதான் எமது ஏற்பாடு என்றால், எமது பெண் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டோம் என்றுதான் பொருள். இவ்வாறான மகள்மார் எமது ஊர்களில் இல்லையா? இருக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கிறார்கள். அதனால்தான் எமக்குத் தெரிவதில்லை.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதோவொன்றில் சிரமத்தைக் கொண்டிருப்பதாகப் பதிவானது. முதுமையால் படியேற முடியாதவர்களும் இதில் அடங்குவர். சாய்வுப் பாதை ஒன்று போட்டால், கைக்குழந்தையோடு வரும் தாய், முழங்கால் வலியுள்ள மூத்தம்மா, நாற்காலியில் வரும் பிள்ளை என எல்லோரும் அதனால் பயன் பெறுவார்கள்.

செலவு அதிகமாகுமே என்பது அடுத்த கேள்வி. சிறுவர் ரயிலின் மேடை ஓரடி உயரம். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கின்படி ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்வு போதும். ரயிலின் ஒரு பெட்டியில் ஒரு வாங்கைக் கழற்றிவிட்டு, நாற்காலியைக் கட்டிவைக்க இரண்டு பட்டிகளைப் பொருத்தினால் வேலை முடிந்தது. பல இலட்சம் செலவு செய்து ஓர் இராட்டினத்தை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு இது பெரிய காசல்ல.

எல்லா விளையாட்டிலும் எல்லோரையும் ஏற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் உடலை நிமிர்த்தி வைத்திருக்க முடியாத பிள்ளையை ஏற்றுவது ஆபத்து. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது, ஏன் முடியாது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அப்போது ஊழியரும் பயப்படத் தேவையில்லை. பிள்ளையும் ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்சத் தேவையில்லை.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரில் மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்றொரு பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. தன் மகளோடு ஏனைய பிள்ளைகள் நீச்சல் தடாகத்தில் விளையாடாமல் விலகிப் போனதைக் கண்ட கோர்டன் ஹார்ட்மன் என்ற தந்தை அதை உருவாக்கினார். அங்குள்ள குதிரை ராட்டினத்தில் சக்கர நாற்காலியோடே ஏறலாம். ஏனைய பிள்ளைகளின் குதிரைகளைப் போலவே அந்த இருப்பிடமும் மேலும் கீழும் அசையும். 2017இல் அதன் அருகே திறக்கப்பட்ட நீர்ப் பூங்காவில், காற்றழுத்தத்தில் இயங்கும், தண்ணீர் புகாத நாற்காலிகள் இருக்கின்றன. அங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம்தான். ஆனால் அந்த இலவசத்துக்கும் நான் கவுண்டரில் கண்ட இலவசத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, பணம் வேண்டாம் என்கிறார்கள். இங்கே எதையும் திறக்க முடியாததால் பணம் வேண்டாம் என்கிறோம்.

யார் என்ன செய்யலாம்?

2025 வரவு செலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பார்வையற்ற ஒருவர் முதன்முறையாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்கிறார். இரண்டும் நல்ல விடயங்கள். ஆனால் கொடுப்பனவு பிள்ளையை வீட்டில் வாழ வைக்கும். அவனை வெளியே அழைத்து வர வேறு வேலைகள் வேண்டும்.

அந்த வேலையின் சாவி பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. கட்டட வரைபடங்களை அங்கீகரிப்பதும், கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வழங்குவதும் அவைதான். களியாட்ட டிக்கட்டுகளில் வரி அறவிடும் அதிகாரமும் அவற்றுக்கு உண்டு. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின் புதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். எமது சமூகத்திலிருந்தும் பலர் தெரிவாகியிருக்கிறார்கள். சாய்வுப் பாதையும் பாவிக்கக்கூடிய மலசலகூடமும் இல்லாத களியாட்ட இடத்துக்குச் சான்றிதழ் இல்லை என்று ஒரு சபை சொல்லட்டும். வரியில் ஒரு பங்கைத் தமது ஊர்ச் சிறுவர் பூங்காவில் ஒரு சாய்வுப் பாதைக்கும் இவர்களுக்கு ஏற்ற ஓர் ஊஞ்சலுக்கும் ஒதுக்கட்டும். ஊர்ப் பூங்காவில் விளையாடிப் பழகிய பிள்ளைதான் நாளை கொழும்புக்குத் துணிந்து போகும்.

பாடசாலைகளும் தப்ப முடியாது. எமது பாடசாலையின் நூலகம் மேல் மாடியில் இருக்கிறது. அவனுக்கு வேண்டிய நூல்களை நண்பர்கள் கீழே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். நாம் அதைப் பெருமையாக வேறு பேசுவோம். பூங்காவில் அவனைத் தூக்கிய இளைஞர்களுக்கும் எமக்கும் என்ன வித்தியாசம்? நூலகத்தைக் கீழே மாற்றும்படி அதிபரிடம் கேட்டிருக்கிறேன். சுற்றுலாவுக்கு அனுமதி பெற நான் நிரப்பிய படிவத்தில் பஸ், உணவு, ஆசிரியர் எண்ணிக்கை பற்றியெல்லாம் கேள்விகள் இருந்தன. இப்பிள்ளைகளுக்கான ஏற்பாடு பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. அடுத்த முறை அந்த வரியை நானே எழுதிச் சேர்ப்பேன்.

கடைசியாக அன்று மாலை நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பூங்கா முழுவதிலும் படியில்லாத ஓர் இடம் இருந்தது. அலைத் தடாகம். கடற்கரை போலச் சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கும் தளம் அது. அலைக்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள், அவனுக்காக அல்ல. நாற்காலியைத் தண்ணீருக்குள் கொண்டு போகக் கூடாது என்று காவலர் சொன்னார். அது நியாயம்தான். அவன் நாற்காலியிலிருந்து தரையில் தானே இறங்கினான். இரண்டு கைகளையும் ஊன்றி, அந்தச் சரிவில் நகர்ந்து நகர்ந்து போய், இடுப்பளவு தண்ணீரில் இருந்துகொண்டான். நானும் காவலரும் கையெட்டும் தூரத்தில் நின்றோம். அலை வந்து முகத்தில் அடித்தது. நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அரை மணித்தியாலம் அவனை யாரும் தூக்கவில்லை. யாரும் அவனுக்காக இரக்கப்படவும் இல்லை. 43 பிள்ளைகளில் அவன் எங்கே என்று நான் தேட வேண்டியிருந்தது அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அடுத்த முறை பிள்ளைகளோடு ஒரு பூங்காவுக்கோ ஹோட்டலுக்கோ திருமண மண்டபத்துக்கோ முன்பதிவு செய்யும்போது, உங்கள் வீட்டில் நாற்காலியில் யாரும் இல்லாவிட்டாலும், "சக்கர நாற்காலி வருமா? மலசலகூடத்துக்குள் போகுமா?" என்று கேளுங்கள். பதில் "இல்லை" என்றாலும் கேளுங்கள். அந்தக் கேள்வியை ஆயிரம் பேர் கேட்டால் முதலாளி ஒருவராவது கொத்தனாரை அழைப்பார். அவனைப் போன்ற ஒரு பிள்ளை தனியாக நின்று கேட்டால், டிக்கட் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.